கடைசிப் பந்தி

சாப்பாட்டு விஷயத்தில் நான் வெட்கம் கெட்டவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வருஷமாக ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு வண்டியை ஓட்டுகிறேன். பக்கத்தில் நர்ஸ் எவலினி உட்கார்ந்திருப்பாள். எங்கள் தீவின் தலைநகர் ஆப்பியாவிலிருந்து மலையேறி, மேலே எந்நேரமும் நிற்கும் மூடுபனிக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து, தெற்குக் கரைக்கு இறங்குவோம். போகிற வீட்டில் அவள் நோயாளியைப் பார்ப்பாள். நான் சமையல் கொட்டகையிலிருந்து புகை வருகிறதா என்று பார்ப்பேன்.

"சியோ, உனக்கு எதுக்குடா சம்பளம்? ரெண்டு சேம்பும் தேங்காப்பாலும் காட்டினா நியூசிலாந்து வரைக்கும் ஓட்டுவ" என்பாள் எவலினி.

"நடுவுல கடல் இருக்கு. கோழியும் சேத்துப் போட்டா யோசிக்கலாம்" என்பேன்.

அப்படிப்பட்ட எனக்கு, தௌலாகி வீட்டில் தின்ற மூன்று சாப்பாடு மட்டும் இன்னும் செரிக்கவில்லை.

தௌலாகி என்பது பேர் இல்லை, பட்டம். குடும்பத் தலைவருக்கு எங்கள் ஊரில் பட்டம்தான் பேர். எழுபதை நெருங்கின மனிதர், பனைத்தூண் மாதிரி முதுகு. தம்பி நியூசிலாந்தில் ஆப்பிள் தோட்ட வேலைக்குப் போயிருந்தான். தம்பி பெண்சாதி சியூலியும் அவள் மகள் மக்கெரிட்டாவும் அண்ணன் வீட்டில். மக்கெரிட்டாவுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்து டீச்சர் எங்களுக்கு போன் பண்ணி, பெண் வகுப்புக்கு வந்து இரண்டு மாதம் ஆயிற்று, போய்ப் பாருங்கள் என்றாள். ஜூலையில் முதல் தடவை போனோம்.

சுவரில்லாத பெரிய வீடு. தூணுக்குத் தூண் பாய் விரித்து, நாங்கள் வருவது தெரிந்து ஓலைத் திரைகளைச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். எங்கள் பிரிவின் வழக்கப்படி குடும்பம் மொத்தத்தையும் உட்கார வைத்துத்தான் எவலினி பேசுவாள். பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினால், குடும்பத்துக்குத் தெரியாமல் என்ன ரகசியம் என்று ஊரே கேட்கும்.

"புள்ளைக்கு என்ன செய்யுது?" என்றாள் எவலினி.

"ஒண்ணும் செய்யல நர்ஸக்கா. முசு" என்றாள் சியூலி. "பேச மாட்டேங்குறா. பள்ளிக்கூடம் போக மாட்டேங்குறா. மத்தபடி சொன்ன வேலையெல்லாம் செய்யுறா. காலைல முத்தம் பெருக்குறா, பன்னிக்குத் தேங்கா போடுறா."

"எத்தன நாளா?"

"ஈஸ்டர் கழிஞ்சதுலேந்து."

"அடிப்பாவி! இது ஜூலை."

"முசுவுக்கு என்ன காலண்டரா இருக்கு?" என்றார் தௌலாகி. "வரும், போவும். எங்கக்காவுக்கு ஒரு தடவ ஒரு வருஷம் இருந்துச்சு. நாங்க ஏன்னு கேட்டமா? கேக்கல. ஒரு நாள் தானா எழுந்திரிச்சு சிரிச்சா."

முசு என்றால் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. 'என்னை விடுங்கள்' என்று மனசு கதவைச் சாத்திக்கொள்வது. எங்கள் ஊரில் யாரையும் ஒரு நிமிஷம் தனியாக விட மாட்டோம். கக்கூசுக்குப் போனால்கூட வாசலில் ஒரு ஆள் நின்று பேச்சுக் கொடுக்கும். ஆனால் முசு வந்தவரை மட்டும் விட்டுவிடுவோம். ஏன் என்று கேட்பது மரியாதைக் குறைவு. அந்த மரியாதையை அந்த வீடு அந்தப் பெண்ணுக்கு மூன்று மாதத்துக்கு மேலாகக் குறைவில்லாமல் கொடுத்திருந்தது.

"தூங்குறாளா?"

"விடியறதுக்கு முன்னாடியே முழிச்சிடுறா."

"சாப்பாடு?"

"நல்லா சாப்பிடுறா" என்றாள் சியூலி.

யார் பார்த்தது என்று எவலினி கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. அவளும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே.

பேச்சு முடிந்ததும் சாப்பாடு வந்தது. கல்லடுப்பில் சுட்ட சேம்பங்கிழங்கு, இளம் இலையில் கட்டி வேகவைத்த தேங்காய்ப்பால், ஒரு முழுக் கோழி. விருந்தாளிக்கும் தலைவருக்கும் முதலில். பிறகு மற்றப் பெரியவர்கள். இளசுகள் கையலம்பத் தண்ணீர் கொண்டுவரும், எதிரே உட்கார்ந்து ஈ விசிறும். பெரியவர்கள் எழுந்த பிறகு மிச்சம் சமையல் கொட்டகைக்குப் போகும், அங்கே அவர்கள் பந்தி. நாங்களெல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம். என் எதிரே விசிறியோடு மக்கெரிட்டா உட்கார்ந்தாள். நீளக் கை வைத்த சட்டை. கண் தட்டிலேயே இருந்தது. கோழித் தொடையை நான் எடுத்தபோது ஒரு ஈகூட அதில் உட்காரவில்லை, அவ்வளவு கவனமாக விசிறினாள்.

"பாருங்க, எவ்வளவு மரியாதையான புள்ள" என்றார் தௌலாகி. "இதுக்கு ஆஸ்பத்திரி எதுக்கு?"

ஆகஸ்டில் போனபோது எவலினி மாத்திரை கொண்டுபோனாள். பிள்ளைகளுக்கென்று தனி மனநல டாக்டர் அப்போது எங்களிடம் கிடையாது. எல்லாருக்கும் பார்க்கிற ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, எவலினி சொன்னதையெல்லாம் கேட்டு எழுதிக் கொடுத்தது. எவலினி பெண்ணின் கையைப் பிடித்து, "கண்ணு, தெனம் ஒண்ணு. சாப்பாட்டுக்குப் பெறவு. வெறும் வயித்துல போட்டா கொமட்டும்" என்றாள். பெண் தலையாட்டினாள்.

செப்டம்பரில் போனபோது வைத்தியக்காரக் கிழவி ஒருத்தி பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெண் இருட்டுகிற நேரத்தில் மரத்தடியில் தலையை விரித்துப் போட்டு வாரினாளாம், ஆவி பிடித்துக்கொண்டதாம். "எலும்பெல்லாம் மேல வந்துடுச்சு, ஆவி உள்ள உக்காந்து உறிஞ்சுது" என்றாள் கிழவி. உள்ளபடிக்கு, எங்கள் எல்லாரையும்விட அவள்தான் பெண்ணின் உடம்பைத் தொட்டுப் பார்த்தவள். எவலினி காதில் அது ஆவிக் கதையாகத்தான் விழுந்தது. என் காதில் எதுவுமே விழவில்லை. அன்றைக்குப் பன்றிக்கறி.

"மாத்திர போடுறாளா?" என்று எவலினி கேட்டாள்.

"கரெக்டா குடுக்குறேன். வாங்கிக்கிறா" என்றாள் சியூலி. "அக்டோபர்ல வெள்ளை ஞாயிறுக்கு நீங்க வரணும். அத்தான் சொல்லிட்டாரு, இவ கோயில்ல வசனம் சொல்லியே ஆவணும்னு. சொல்லிட்டா எல்லாம் சரியாப்போயிரும்."

திரும்பி வரும்போது மலைமேல் மழை பிடித்துக்கொண்டது. எவலினி பேசாமல் வந்தாள்.

"என்ன, உனக்கும் முசுவா?" என்றேன்.

"என்னமோ தப்பா இருக்குடா சியோ. மாத்திர ஒரு மாசமா உள்ள போவுது. ஒரு இம்மிகூட மாறல. என்னன்னு புடிபடல."

வெள்ளை ஞாயிறு பிள்ளைகளின் நாள். வருஷத்தில் அந்த ஒரு நாள் எல்லாம் தலைகீழ். பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் கோயிலுக்குப் போய் ஆளுக்கொரு வசனம் சொல்லும். பிறகு வீட்டில் பிள்ளைகள் உட்கார, பெரியவர்கள் பரிமாறுவார்கள். நாங்கள் காலையிலேயே போய்ச் சேர்ந்தோம். சனிக்கிழமை ராவெல்லாம் இறைச்சி சுட்ட வாசம் ஊர் முழுக்கக் கிடந்தது. வெயில் ஏறுமுன்பே புழுக்கம். சியூலி மகளுக்கு உடுப்பு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். வாயில் நான்கு ஊக்கு.

"போன வருஷம் அளவெடுத்துத் தச்சது. எப்படித் தொளதொளன்னு போச்சு பாருங்க நர்ஸக்கா. துணிக்காரன் ஏமாத்திட்டான், துவைக்கத் துவைக்க விரியுது" என்று சொல்லி முதுகில் ஐந்தாவது ஊக்கைக் குத்தினாள்.

எவலினி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

கோயிலில் சின்னதுகள் ஒவ்வொன்றாக எழுந்து கத்தின. மறந்துபோனதுகள் அழுதன, சனம் சிரித்தது, தாய்மார்கள் பின் பெஞ்சிலிருந்து வாயசைத்துக் கொடுத்தார்கள். மக்கெரிட்டா முறை வந்தது. எழுந்து நின்றாள். முதலில் வழக்கம்போலச் சிரித்தார்கள். சியூலி எடுத்துக் கொடுத்தாள், பாதிரியார் சம்சாரம் எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. முன்வரிசையில் தௌலாகியின் கழுத்து நரம்பு புடைத்தது. பெண் நின்றுகொண்டே இருந்தாள். உட்கார் என்று யாரோ இழுத்து உட்கார வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்தும் தௌலாகி அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. வெள்ளை ஞாயிற்றில் பிள்ளையைத் திட்டக் கூடாது. பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, அவரே விசிறியை எடுத்துக்கொண்டு எதிரே சம்மணம் போட்டார். நான் சேம்புத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பொடிசுகள் பாய்ந்து விழுந்து தின்றன. மக்கெரிட்டா ஒரு துண்டை எடுத்தாள், விரலால் உருட்டினாள், பக்கத்தில் இருந்த ஏழு வயசு பேபேயின் தட்டில் வைத்தாள். இன்னொரு துண்டு. அதையும் வைத்தாள்.

தௌலாகி விசிறுவதை நிறுத்தினார்.

"நீ சாப்பிடு" என்றார்.

பெண் தலை குனிந்தாள்.

"சாப்பிடுன்னு சொன்னேன்."

"அக்கா சாப்பிடாது பெரியப்பா" என்றாள் பேபே, வாய் நிறையக் கோழியோடு. "எப்பவும் எங்களுக்குத்தான் குடுத்துரும். சொல்லக் கூடாதுன்னு சொல்லுச்சு."

"எப்பவும்னா?"

"எப்பவும்."

சியூலி கையிலிருந்த கோகோப் பாத்திரத்தை அப்படியே கீழே வைத்தாள். வந்து மகளின் சட்டைக் கையை மேலே தள்ளினாள். அந்தக் கையை நான் பார்த்தேன், தோல் போர்த்த எலும்பு. பார்த்திருக்க வேண்டாம் என்று இருந்தது. மூன்று மாதம் அந்தக் கை எனக்கு விசிறியிருக்கிறது. அவள் விசிற, நான் தின்றிருக்கிறேன். சீ, என்ன பிழைப்பு இது என்று என்மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

எவலினி நாடியைப் பிடித்தாள். உதடு எண்ணிக்கொண்டே வந்தது, பாதியில் நின்றது, மறுபடி எண்ணியது.

"கண்ணு, மாத்திர போட்டியா?"

முதல் தடவையாகப் பெண் வாயைத் திறந்தாள். "சாப்பிட்ட பெறவுதான போடச் சொன்னீங்க?"

தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்துவந்து கொடுத்தாள். இரண்டு மாத மாத்திரையும் அதில் இருந்தது. ஒன்றைக்கூட எறியவில்லை, சொன்ன சொல்லையும் மீறவில்லை.

"ஏன் கண்ணு சாப்பிடல?"

"உனக்குப் பங்கு இல்லன்னு சொல்லுது."

"யார் சொல்றா?"

"தெரியல. எந்நேரமும் சொல்லுது. இந்த வீட்ல உனக்குப் பங்கு இல்ல, உக்காராத, தொடாதன்னு."

எவலினி எழுந்தாள். "தலைவரே, இவள இப்பவே கொண்டுபோறேன். நாடி விட்டு விட்டு அடிக்குது. நாளைக்குன்னா நான் பொறுப்பில்ல."

"இன்னிக்கா?" தௌலாகியும் எழுந்தார். "வெள்ளை ஞாயித்துக்கிழம, ஊர் மொத்தமும் வாசல்ல உக்காந்திருக்கு. அந்த வண்டில ஏத்தவா? 'பைத்தியக்கார வண்டி'ன்னு பொடிசுங்க பின்னாடியே ஓடி வரும். நாளைக்கு இவள எவன் கட்டுவான்? வைத்தியக்காரி புதன்கிழம வரைக்கும் எண்ணெய் போடச் சொல்லியிருக்கா. வியாழக்கிழம யோசிக்கலாம். இவ அப்பன் இங்க இல்ல. நான்தான் சொல்லணும்."

"அப்ப சொல்லுங்க."

"சொல்றேன். மொதல்ல நீங்க ரெண்டு பேரும் உக்காருங்க. வந்தவங்க பசியோட நிக்கிறீங்க. சாப்பிட்டுப் பேசுவோம். சியூலி, தட்டு எடு."

பத்தொன்பது வருஷத்தில் எவலினி ஒரு வீட்டில்கூடச் சாப்பாட்டை மறுத்ததில்லை. மறுத்தால் அந்த வீட்டு வாசல் அதோடு சரி.

"வேண்டாம்" என்றாள். "இந்தப் புள்ள வாயில வைக்கிற வரைக்கும் இந்த வீட்ல நான் ஒரு பருக்க தொட மாட்டேன். மூணு தடவ வந்தேன். மூணு தடவயும் இவ பட்டினி கெடந்து விசிற, நான் மூக்கு முட்டத் தின்னுட்டு 'நல்லா சாப்பிடுறா'ன்னு எழுதிட்டுப் போனேன். எனக்கு நர்ஸுன்னு பேரு. போதும் தலைவரே."

பொடிசுகள்கூட மெல்லுவதை நிறுத்தின. தௌலாகியின் முகம் கறுத்தது. அவரை அவர் வீட்டில் வைத்து யாரும் அப்படிப் பேசியதில்லை. வெளியே போ என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன், வண்டிச் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

சியூலிதான் பேசினாள். அவள் வாழ வந்தவள். புருஷன் வீட்டில் வந்தவளுக்கு வேலை உண்டு, வாய் கிடையாது.

"அத்தான், பதினாறு வருஷமா நான் எதித்து ஒரு வார்த்த பேசினதில்ல."

"இப்ப ஏன் பேசுற?"

"நான் பெத்தவ அத்தான். என் புள்ள தின்னாளா இல்லையான்னு எனக்குத் தெரியல. நான் உங்க தட்டயே பாத்துக்கிட்டிருந்துட்டேன். சேம்பு போதுமா, பால் வேணுமான்னு. எம்புட்டு வருஷம்! அவ தட்ட ஒரு நாள் பாக்கல." மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க வேண்டாம்னாலும் நான் தூக்கிட்டுப் போவேன். திரும்ப வீட்டுல ஏத்தாட்டியும் பரவால்ல."

தௌலாகி திரும்பி வெளியே பார்த்தார். வாசலில் பக்கத்து வீட்டுக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது.

"சியோ" என்றார். "வண்டிய வாசல் வரைக்கும் கொண்டா. தள்ளி நிறுத்தாத. ஊர் பாத்தா பாக்கட்டும்."

தூக்கியது அவர்தான். என்னைத் தொடவிடவில்லை. "இதுல கனமே இல்லயே" என்று இரண்டு தடவை சொன்னார். தலைவர் எப்போதும் முன்சீட்டில்தான் உட்காருவார். அன்றைக்குப் பின்னால் ஏறி, பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்தி மருந்துத் தண்ணீர் ஏற்றினார்கள். டாக்டரம்மா தெளிவாகச் சொன்னது. "இது முசு இல்லைங்க, மனச்சோர்வு. ரொம்ப முத்தினது. அந்தக் குரலும் அதோட சேத்திதான். மாத்திர வேல செய்ய வாரக்கணக்காவும். அதுக்குள்ள உடம்பு தாங்கணும். சட்டுனு நெறைய குடுக்கவும் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாத்தான். தானா சாப்பிட வைக்கப் பாருங்க. அவளோட உக்காந்து யாராவது ஒருத்தர் தெனமும் சாப்பிடணும்."

"யார் பண்ணின தப்பு டாக்டர்? தல வாரினதா? நான் வசனம் சொல்லுன்னு கட்டாயப்படுத்தினதா?" என்றார் தௌலாகி.

"யாரும் பண்ணினதில்ல. காய்ச்சல் வந்த மாதிரி வந்திருக்கு. பாக்காம விட்டதுதான் நம்ம தப்பு, எங்களையும் சேத்து."

சியூலி ஊரில் பொடிசுகளையும் பன்றிகளையும் பார்க்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் போக வேண்டியிருந்தது. தௌலாகி போகவில்லை. கூட உட்கார்ந்து சாப்பிடுகிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். அவருக்கு அது எப்படிப்பட்ட வேலை என்று வெளியாளுக்குப் புரியாது. பட்டம் வாங்கின நாளிலிருந்து அவர் ஒரு பிள்ளையோடு ஒரே நேரத்தில் சாப்பிட்டதில்லை. முதல் நாள் அவர் வழக்கப்படி முதலில் தின்ன ஆரம்பித்தார். பெண் ஊசி குத்தாத கையைத் தூக்கி, அவர் தட்டின்மேல் ஈ ஓட்ட ஆரம்பித்தாள். எவலினி தலையில் அடித்துக்கொண்டாள்.

"தலைவரே, நீங்க மொதல்ல தின்னா அவ வேலக்காரியாயிடுறா!"

இரண்டாம் நாள் அவர் தொடாமல் உட்கார்ந்திருந்தார். "நீ தின்னாத்தான் நான் தின்பேன்." அவள், "நீங்க தின்னாம நான் எப்படி பெரியப்பா?" என்றாள். இரண்டு தட்டும் ஆறிப்போய்த் திரும்பின. மூன்றாம் நாளும் அதேதான். அவர் கன்னமும் ஒட்ட ஆரம்பித்தது. நான்காம் நாள் காலை டாக்டரம்மா வந்து, இன்றைக்கு மதியமும் இறங்கவில்லையென்றால் சாயங்காலம் மூக்கில் குழாய் விட்டுவிடுவோம், வேறு வழியில்லை, நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனது. பெண் அதைக் கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

மதியம் தட்டு வந்தபோது நான் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். இரண்டு சேம்புத் துண்டு, கொஞ்சம் சூப். அவருக்கு ஒரு தட்டு, அவளுக்கு ஒரு தட்டு. தௌலாகி தன் தட்டை எடுத்தார். என்னிடம் நீட்டினார்.

"இத எடுத்துட்டுப் போ. எனக்கு வேண்டாம்."

"டாக்டரம்மா சேந்து சாப்பிடச் சொன்னாங்களே" என்றேன்.

"எடுத்துட்டுப் போடான்னா!"

எடுத்துக்கொண்டேன். அவர் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் மேலே, அவர் கீழே.

"மக்கெரிட்டா, நான் இனிமே உன் மிச்சத்தத்தான் தின்பேன்" என்றார்.

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். எங்கள் ஊரில் மிச்சம் மேலிருந்து கீழேதான் போகும். ஒரு பட்டக்காரர் பொடிசின் மிச்சத்தைத் தின்றார் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை.

"அப்படிச் சொல்லாதீங்க பெரியப்பா."

"மூணு நாளா பசி. கெழவனுக்குக் கண்ணு இருட்டுது. தட்டு உன்னுது. பங்கு உன்னுது. நீ தின்னுட்டு மிச்சம் வச்சாத்தான் எனக்கு."

"அப்படியே எடுத்துக்கோங்க."

"அது மிச்சம் இல்லயே. கை படாதது எப்படி மிச்சமாவும்?"

அவள் தட்டைப் பார்த்தாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எவலினி வாசலில் வந்து நின்றாள், உள்ளே வரவில்லை. என் கையிலிருந்த சூப் ஏடு கட்டிவிட்டது.

"சொல்லுது பெரியப்பா" என்றாள் அவள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "இப்பவும் சொல்லுது."

"சொல்லட்டும். அதுக்குப் பசிக்கல. எனக்குப் பசிக்குது."

அவள் சேம்பில் விரல்நுனி அளவு கிள்ளினாள். வாயில் வைத்தாள். மென்றாள், மென்றாள், முகம் கோணியது, துப்பிவிடுவாள் என்று நினைத்தேன். தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு கிள்ளு. பிறகு தட்டைக் கட்டில் ஓரத்துக்குத் தள்ளினாள்.

தௌலாகி இரண்டு கையாலும் வாங்கினார். அந்த ஆஸ்பத்திரிச் சேம்பு எனக்குத் தெரியும், உப்பும் கிடையாது, பாலும் கிடையாது. ஒரு துணுக்கு விடாமல் தின்றார். சூப்பைத் தட்டோடு தூக்கிக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ராத்திரிக்கும் எனக்கு வேணும்" என்றார்.